தவக்காலத்துச் சுவர்

பிப்ரவரி 12, திங்கள்

புத்தாண்டுக்குக் கோயிலில் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் ஒரு பக்கமும் எழுதவில்லை. தனியாக இருப்பவள் தினமும் எதை எழுதுவது? எழுந்தேன், துடைத்தேன், ஜெபித்தேன், படுத்தேன். இன்று எழுதுவதற்குக் காரணம், வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள்.

என் தங்கை ரெமிஜியா நேற்று வந்தாள். ஊருக்கு அவள் சிஸ்டர் ரெமிஜியா. எனக்கு ரெமி. பள்ளி முடித்த கையோடு சபையில் சேர்ந்தவள். தேனிக்கு மேலே மலையில், காது கேளாத பிள்ளைகளின் விடுதியை நடத்துகிறாள். சென்ற மழையில் பிடித்த இருமல் ஆஸ்துமாவாக முற்றிவிட்டது. மதர் ஜெனவீவ் அவளை என்னிடம் அனுப்பிவிட்டு, ஈஸ்டர் முடிந்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மூச்சு சீரானால் ரெமி மலைக்குத் திரும்புவாள். சீராகாவிட்டால் வேலையிலிருந்து ஓய்வு. தூத்துக்குடியில் என்னோடு தங்கிக்கொள்ளச் சபை அனுமதி கொடுத்திருக்கிறது.

எதுவானாலும் எனக்குச் சம்மதம். மாடி அறையில் புது விரிப்பும் புதுத் திரைச்சீலையும் போட்டிருக்கிறேன். மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளியும் வாங்கி வைத்தேன். தள்ளுபடியில் கிடைத்தது.

அவள் வருகிறாள் என்று வீடு முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அதன் மேல் பினாயிலும் விட்டிருந்தேன். வாசலைத் தாண்டியவள் கூடத்தின் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் இருமினாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

டாக்டர் ஐசக் வீட்டுக்கே வந்து பார்த்தார். நுரையீரலைப் பார்க்கும் முன் மூக்கைச் சுளித்தார். பினாயில், பிளீச்சிங், ஆசிட், வாசனை ஸ்பிரே எதுவும் இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாதாம். சுவரில் இருக்கும் பூஞ்சையும் கூடாதாம். இரண்டும் அவள் நெஞ்சுக்கு விஷம் என்றார். பூஞ்சையைப் பிளீச்சிங் இல்லாமல் எப்படி எடுப்பது என்று கேட்டேன். அது எனக்குத் தெரியாதும்மா என்றார். நேர்மையான மனிதர்.

டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகு கூடத்துச் சுவரில் கறுப்பாகப் படரத் தொடங்கியது. வாரம் இருமுறை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தும் திரும்பத் திரும்ப வருகிறது. தேய்க்காத வாரம் என்று ஒன்று இல்லை. என் வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

காலைப் பூசைக்கு நான் மட்டும் போனேன். ரெமிக்காகக் கொஞ்சம் சாம்பல் கேட்டு வாங்கி வந்து அவள் நெற்றியில் இட்டேன். சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பல்.

அவள் அதை விரலில் தேய்த்துப் பார்த்து, நம் அம்மா இதே சாம்பலில்தான் மீன்சட்டி தேய்த்தாள் என்றாள். பிறகு, தவக்காலத்துக்கு நான் எதை விடப்போகிறேன் என்று கேட்டாள். காபியை என்றேன்.

"காபி கெடக்கட்டும். பினாயில விடு."

"பினாயிலை விடுறது ஒறுத்தலாட்டி?"

"ஒனக்கு அதவிடப் பெரிய ஒறுத்தல் என்ன இருக்கு? இறைச்சிய விடுவ, காபிய விடுவ. பினாயில் இல்லாம ஒரு நாள் இருந்துருக்கியா நீ?"

இருந்ததில்லைதான். கான்வென்ட் போர்டிங்கில் சனிக்கிழமைகளில் எனாமல் வாளித் தண்ணீரில் பினாயில் விழுந்து பாலாக விரியும். மதர் அகஸ்டா வெள்ளைக் கைக்குட்டையை ஜன்னல் விளிம்பில் இழுத்துப் பார்ப்பார். அழுக்குப் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. என் ஜன்னலில் அந்தக் கைக்குட்டை ஒருநாளும் கறுத்ததில்லை. சுத்தம் என்றால் அது மூக்கில் தெரிய வேண்டும் என்பார். அறுபது ஆண்டுகளாக என் மூக்குக்கு அதுதான் தெரியும்.

ஈஸ்டர் வரைக்கும் என்று ஒத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

பாட்டில்களை எல்லாம் எடுத்து அப்புறப்படுத்தியாயிற்று. ஒன்றை மட்டும் மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு.

பிப்ரவரி 17, சனி

சமையலறையில் என் அனுமதியோடு ஒரு அசிங்கம் நடந்திருக்கிறது.

ரெமியின் விடுதியில் பழத்தோலை வெல்லத்தண்ணீரில் ஊறப்போட்டு, அது புளித்த பின் அந்த நீரில் தரை துடைக்கிறார்களாம். மூன்று மாதம் ஆகுமாம். ஈஸ்ட் சேர்த்தால் அதில் பாதிக் காலத்தில் ஆகிவிடும் என்றாள். என் வீட்டில் ஈஸ்ட் எப்போதும் உண்டு. கிறிஸ்மஸ் ஒயினுக்கு வாங்குவது. எலுமிச்சைத் தோல், சாத்துக்குடித் தோல், ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் நறுக்கி, வெல்லம் கரைத்த தண்ணீரோடு திருகுமூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் கேனில் போட்டோம். கேனை முழுக்க நிரப்பக் கூடாதாம். எச்சிலைக் குப்பையை நானே காசு கொடுத்து வாங்கிய வெல்லத்தில் ஊறப்போட்டிருக்கிறேன். மதர் அகஸ்டா கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்.

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் போய்ப் பார்த்தால் கேன் வயிறு உப்பி நிற்கிறது. அடிப்பக்கம் பிதுங்கி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. நான் மூடியை இறுக்கித் திருகியிருந்தேன்; எதையும் அரைகுறையாக மூடுவது எனக்குப் பழக்கமில்லை. கூப்பிட்டதும் ரெமி மாடிப்படியின் மேலே வந்து நின்றாள். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், பிள்ளைகளிடம் பேசுவதுபோலக் கையால் சொன்னாள். ஒரு கை கீழே ஏந்தியிருக்க, மற்றக் கை அதன் மேல் வளைந்து திருகியது. திற.

திறந்தேன்.

நீண்ட பெருமூச்சு ஒன்று வெளியே வந்தது. உவமைக்குச் சொல்லவில்லை. வெகுநேரம் அடக்கி வைத்திருந்தவர் விடுகிற மூச்சு அது. தோல்கள் எல்லாம் மேலே எழும்பி, அவற்றுக்கு இடையில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடைந்தன. காதை வைத்துக் கேட்டேன். தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம்.

நான் அதற்குள் உயிருள்ள எதையும் போடவில்லையே என்று நின்றேன். ஈஸ்ட் உயிருள்ளதுதான் என்பது பிறகுதான் உறைத்தது. இத்தனை கிறிஸ்மஸ் ஒயின் போட்டிருக்கிறேன், ஒருமுறையும் குனிந்து காது கொடுத்ததில்லை.

இனி தினமும் காலையில் ஒருமுறை திறந்து மூட வேண்டுமாம்.

பிப்ரவரி 21, புதன்

திறந்தேன். மூச்சு விட்டது. அழுகல் வாசனை இல்லை.

மேல்மாடியில் ரெமியும் நன்றாகத் தூங்கினாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். விசில் சத்தம் குறைந்திருக்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

பீடத்துப் பித்தளைச் சிலுவையையும் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளையும் பிராசோ பாலிஷ் இல்லாமல் துலக்கினேன். பழைய புளியும் கல்லுப்பும். பிசைந்து தடவிய இடத்தில் கறுப்பு தானாக விலகி, உள்ளிருந்து ரோஜா நிறமாக ஒரு பித்தளை வந்தது. மஞ்சள் அல்ல. என் கல்யாணத்துக்கு வந்த தண்டுகள் இவை. அவர் இறந்தபோது இவற்றைத்தான் பெட்டியின் இருபக்கமும் ஏற்றினேன். இந்த நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

விரிப்புகளைப் பூவந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசினேன். சோப்பைவிட அதிக நுரை. மொட்டைமாடியில் காய்ந்து எடுத்தபோது அவற்றில் எந்த வாசனையும் இல்லை. இதை எப்படிச் சுத்தம் என்று கணக்கில் எடுப்பது என்று தெரியவில்லை. வெயில் வாசனை மட்டும் இருக்கிறதே என்றாள் ரெமி.

பிப்ரவரி 23, வெள்ளி

படிக்கிற லென்ஸை எடுத்துக் கூடத்துச் சுவர்ப் பூஞ்சையைப் பார்த்தேன். அழுக்குப் படலம் என்று நினைத்திருந்தேன். அது காடு. கறுப்புக்குள் பச்சை, பச்சைக்குள் சாம்பல்; ஒவ்வொன்றும் மெல்லிய தண்டில் நிற்கிறது, தலையில் ஒரு குண்டு. இத்தனை ஒழுங்காக என் சுவரில் குடியிருந்திருக்கிறது. வெறுப்பதற்காக நெருங்கியவள், கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் போகத்தான் வேண்டும்.

பிப்ரவரி 24, சனி

பூஞ்சைக்கு வினிகர் நல்லது என்றாள் ரெமி. கடைக்குப் போக வேண்டியதில்லை. கிறிஸ்மஸுக்குப் போட்டிருந்த திராட்சை ஒயின், வெள்ளத்தில் வீடே கலைந்து கிடந்ததால் வடிக்கப்படாமல் பரண்மேல் பரணியில் நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால் பல் கூசும் புளிப்பு. முழுக்க வினிகராகியிருந்தது. வீணாகப் போக விடுவானேன் என்று, ரெமியை மாடியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டு, பழைய துணியை அதில் நனைத்து நனைத்துக் கூடத்துச் சுவர் முழுவதும் ஒற்றித் துடைத்தேன். பூஞ்சை ஈரத்துணியோடு வந்தது. கண்ணாடி போடவில்லை, லென்ஸும் கீழே இல்லை. மாலை வெளிச்சம் மங்கல். வேலை திருப்தியாக முடிந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

சுவர் ஊதாவாக இருக்கிறது.

வாசலிலிருந்து உள்கதவு வரை, இடுப்பளவுக்கு மேல், பூசைக்குச் சாமியார் போடுகிற தவக்கால அங்கியின் அதே நிறம். திட்டுத் திட்டாக. பாதி ஊறியும் பாதி வழிந்தும். கறுப்புத் திராட்சை ஒயினை வெள்ளைச் சுவரில் தேய்த்தால் என்ன ஆகும் என்பது கான்வென்டில் படித்தவளுக்குத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு ரெமி இறங்கி வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, சுவருக்கும் தவக்காலமா?"

அவள் சிரித்ததில் எனக்குப் பயம் வந்தது. இப்போது இருமுவாள், இப்போது இருமுவாள் என்று இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருமவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈஸ்டருக்கு வெள்ளையாக மாறிவிடும் பாரேன் என்றாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஜெசிந்தா வந்தாள். எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியத்தின் தலைவி. தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் இவளுக்கு முதலில் தெரிய வேண்டும். "செலஸ்டின் அக்கா, பெயின்ட் அடிக்கீயளோ?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சேர்க்க வேண்டும்.

மார்ச் 2, சனி

டாக்டர் ஐசக்கிடம் போனோம். நுரையீரலில் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறதாம். இப்படியே போனால் ஈஸ்டருக்கு மலை ஏறலாம் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது ரெமி விடுதிப் பிள்ளைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். மரியசெல்வி என்ற ஒரு பிள்ளைக்கு இவள் முகத்தைப் பார்க்காமல் சோறு இறங்காதாம். விரல்கள் பேசிக்கொண்டே இருந்தன. என்னிடம் பேசும்போதும் அவள் பேசியது அந்தப் பிள்ளைகளிடம்தான்.

மகிழ்ச்சியான செய்தி. வீட்டுக்கு வந்து கம்பளியை எடுத்துப் பார்த்தேன். பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை போட்டு அடியில் வைத்தேன்.

மார்ச் 7, வியாழன்

நாளை வெள்ளி. எங்கள் அன்பியத்துச் சிலுவைப்பாதை ஜெபம் இந்த முறை என் வீட்டில். இருபது பேராவது வருவார்கள். ஊதாச் சுவரை வேட்டி கட்டி மறைத்துவிடலாம். ஆனால் வீட்டில் சுத்தத்தின் வாசனையே இல்லை. புளித்த ஆரஞ்சு வாசனைதான் இருக்கிறது. ஜெசிந்தா மூக்கை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

மார்ச் 8, வெள்ளி

சிலுவைப்பாதை ஐந்தாம் ஸ்தலத்தோடு நின்றுவிட்டது. ரெமியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஈரக்காற்று என்று டாக்டரிடம் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இன்னும் குரல் வரவில்லை. கையால் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டாள். ஒரு கை ஏந்தி, மறுகை திருகி.

கேனைத் திறந்தாயா என்று கேட்கிறாள். இந்த நிலையில்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். இரண்டு நாளாகத் திறக்கவில்லை. கேன் வெடிக்கிற நிலையில் இருந்தது. திறந்ததும் அது விட்ட மூச்சு சமையலறை முழுவதும் கேட்டது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க நேரம் பிடித்தது, முட்டி வலி.

மார்ச் 12, செவ்வாய்

ரெமி வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடிக்கு அழைத்துப்போகும்போது நாலு படி ஏறி நின்றாள். குனிந்து படிக்கு அடியில் பார்த்தாள். கைபிடித்து மேலே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன்.

"அக்கா, குளியலறையில மட்டும்தானே ஊத்துன?"

கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தேன், அதுவும் ஒரு மூடிதான் என்றேன்.

"ஜெசிந்தாவுக்காகவா?"

ஆமாம் என்றேன். வேறு யாருக்காக?

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் என் பங்கு அல்வாவை எடுத்துத் தின்றுவிட்டு நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. இப்போது அது தலைகீழாக இருந்தது.

"நான் மலைக்குப் போனாலும் ஒனக்குத் தங்கச்சிதான். இங்க இருந்தா மட்டும் தங்கச்சின்னு இல்ல."

நான் எதையும் கேட்கவில்லையே என்றேன். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கீழே இறங்கினேன். அந்தப் பாட்டிலை மூடி திறக்காமல், துணியில் சுற்றி, மாநகராட்சி வண்டியில் அபாயக் குப்பை வாங்குகிறவரிடம் என் கையாலேயே கொடுத்தேன்.

மார்ச் 13, புதன்

திறந்தேன். இன்றுமுதல் இரண்டு வேளை ரெமியின் கதவருகில் நின்று கேட்கிறேன். வீட்டில் இரண்டு மூச்சு. இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்.

மார்ச் 16, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பூஞ்சை மறுபடி வராமலிருக்கவும், ஊதாவை மறைக்கவும் சுண்ணாம்பு அடிப்பதென்று முடிவாயிற்று. கடைப் பெயின்ட் வாசனை ரெமிக்கு ஆகாது. கடற்கரைச் சூளையில் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி, கொல்லையில் பழைய அண்டாவில் தண்ணீர் விட்டுத் தாளித்தேன். அடுப்பில்லாமலே கொதித்தது. சிப்பிக்குள் இத்தனை நெருப்பு. மறுநாள் வரை ஆற வைத்து, வடிகட்டி, இன்று காலை தென்னை மட்டையின் நுனியை நைத்துத் தூரிகையாக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ரெமி உள்கதவுக்கு அப்பால் நாற்காலி போட்டு, துணியால் மூக்கை மூடி உட்கார்ந்திருந்தாள்.

முதல் இழுப்பு. ஊதாவின் மேல் வெள்ளை போனது. போன இடம் பச்சையானது.

கண்ணில் கோளாறு என்று நினைத்தேன். இன்னொரு இழுப்பு இழுத்தேன். ஊதா, என் மட்டைக்குக் கீழே, என் கண்முன்னால், நீலமாகிப் பச்சையானது. இலைப்பச்சை அல்ல. நடுக்கடலின் பச்சை. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு வள்ளத்தில் போய் ஆழக்கடலில் பார்த்த நிறம். அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

ரெமியும் எழுந்துவிட்டாள். நான் இழுக்க இழுக்கச் சுவர் கடலாகிக்கொண்டே போனது. ஈரம் மினுங்கியது. வாசல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தபோது, மூன்று மாதத்துக்கு முன் இதே கூடத்தில் நின்ற வெள்ளத்தை நினைத்தேன். அது சாக்கடை நிறத்தில் வந்தது. இது கழுவிக் கொடுத்த கடல்.

கான்வென்ட் ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் சிவப்பிலிருந்து நீலமானதைப் பார்த்து மார்க் வாங்கியவள் நான். புளிப்பில் சிவந்தது காரத்தில் நிறம் மாறும். தெரியும். திராட்சைத் தோலிலும் அந்தச் சாயம் உண்டு. தெரிந்திருப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கின்றன.

முடித்தபோது என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ரெமி கதவு வரை வந்து, விரலை நீட்டிச் சுவரைத் தொடாமல் நிறுத்திக்கொண்டாள். "பிள்ளைகளுக்கு இதக் காட்டணும். அவுங்களுக்கு இதுதான் பாட்டு," என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

பச்சை வெளிறிவிட்டது. வெளிர் மஞ்சளாக ஒரு நிழல் மட்டும். இழந்ததுபோல இருக்கிறது, எதை என்று தெரியவில்லை. நாளை இரண்டாவது பூச்சு.

மார்ச் 23, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. கேனை இன்று வடித்தோம். முழுக்கப் பதமாக இன்னும் நாளாகலாம், ஆனால் குமிழி அடங்கிவிட்டது. நிறம் தேன். வாசனையில் பாதி எலுமிச்சை, பாதி ஒயின். மேலே பால் ஆடைபோல ஒரு வெள்ளைத் தோல் கட்டியிருந்தது. நல்ல அடையாளம் என்றாள் ரெமி.

ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கரண்டி விட்டுக் குளியலறைத் தரையைத் துடைத்தேன். தரை ஓடுகளுக்கு நடுவில் இருந்த கறுப்பு. ஆசிட் ஊற்றி, கம்பியால் சுரண்டி, நான் தோற்றுப்போன கறுப்பு அது. கொஞ்சம் கெட்டியாகவே விட்டு ஊற வைத்துவிட்டு, காபி போட்டேன். விடுவதாகச் சொன்னது பினாயிலைத்தானே. திரும்பி வந்து தேங்காய் நாரால் லேசாகத் தேய்த்தேன். வந்துவிட்டது. எதையும் எரிக்காமல், யார் மூச்சையும் முட்டாமல், கோபமே இல்லாமல் வந்துவிட்டது.

முழங்காலில் நின்றபடி வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து இழுத்துப் பார்த்தேன். பழக்கம்.

வடித்த தோலையும் அடி மண்டியையும் வீணாக்காமல், புதுத் தோலும் வெல்லமும் சேர்த்து இரண்டாம் கேன் போட்டாயிற்று. பழையது உள்ளே இருப்பதால் இது சீக்கிரம் எழும்புமாம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மௌனம். ரெமி மூன்று மணி வழிபாட்டுக்கு நடந்தே வந்தாள். எங்கும் நிற்கவில்லை. நான்தான் இரண்டு இடத்தில் நின்றேன்.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

பூசையில் மந்திரித்த புதுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து, ரெமி வீடு முழுக்கத் தெளித்தாள். கூடத்துச் சுவரில் துளிகள் விழுந்த இடம் சற்று நேரம் சாம்பலாகி, மறுபடி வெண்மையானது. எந்தக் கறையும் இல்லை. அவள் சொன்னதுபோலவே ஈஸ்டருக்குச் சுவர் வெள்ளை.

ஏப்ரல் 3, புதன்

மதர் ஜெனவீவ் வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்துப் பார்த்து, "வீட்ல ஒரு வாசனையும் இல்லியே. எவ்வளவு சுத்தமா இருக்கு," என்றார். முன்பு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பேன்.

டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு ரெமியை மாடிக்கு அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சீட்டுல எல்லாம் சரின்னு இருக்கு. ரெமியக் கேட்டா எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. ராத்திரி எப்படி இருக்கான்னு கூட இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். போன மாசம் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கா. உங்க வார்த்தைய வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். ராத்திரி இருமுதாளா?"

மதரின் தலைக்குப் பின்னால் சுவர் இருந்தது. மாலை வெயில் அதில் ஏறியிருந்தது.

லேசாக இருமுகிறாள். அது ஒரு வாக்கியம். சிறியது. அக்கறையிலும் சொல்லக்கூடியது. மலைக்குளிர் ஆகாது என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? அந்த வாக்கியம் என் வாயில் நின்றது. மேலே ரெமியின் காலடிச் சத்தம், அங்கும் இங்குமாக. ஜெபமாலை சொல்லி நடக்கிறாளோ, பெட்டி கட்டுகிறாளோ.

"இல்ல மதர். விடிய விடியத் தூங்குதா. போன மாசம் வந்தது என்னால. நான் பினாயில் போட்டேன்."

மதர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். காபி கேட்டார்.

ஏப்ரல் 5, வெள்ளி

சபையின் வண்டி காலையில் வந்தது. வடித்த நீரில் இரண்டு பாட்டிலும், அடி மண்டி ஒரு டப்பாவும் கட்டிக் கொடுத்தேன். விடுதிக் கேனில் சேர்த்தால் சீக்கிரம் எழும்பும். கம்பளியையும் கொடுத்தேன். மலைக்குத்தான் வாங்கியது என்று சொன்னேன். அவள் நம்பியதுபோல வாங்கிக்கொண்டாள்.

நெற்றியில் சிலுவை போட்டேன். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். ஏதோ சொன்னாள். கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு கையை ஏந்தினாள். மறுகையை அதன் மேல் வளைத்து, திருகினாள்.

நானும் அதே போலத் திருகிக் காட்டினேன். வண்டி தெருமுனை திரும்பும் வரை இரண்டு கிழவிகளும் காற்றில் மூடி திறந்துகொண்டிருந்தோம். ஜெசிந்தா அவள் வாசலில் நின்று பார்த்தாள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 6, சனி

எழுந்ததும் சமையலறைக்குப் போனேன். இரண்டாம் கேன் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

திறந்தேன்.